கிணற்று நீருக்கும் நாடி பார்க்க வேண்டும்!

குப்பை மேட்டில் பெய்யும் மழை எங்கே போகிறது?

சித்தேரி! பெயரிலேயே ஏரி இருக்கிறது.

தர்மபுரி மாவட்டத்தில், அரூர்ப் பக்கத்தில், பச்சைப் பசேல் என்று உயர்ந்து நிற்கிறது சித்தேரி மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் அங்கே சிறு சிறு ஊர்களில் வாழ்கிறார்கள். பெயரைப் பார்த்துவிட்டு அவர்கள் கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மலையையே வீடாகக் கொண்ட தமிழ் பேசும் மக்கள் அவர்கள்.

மலையில் பெய்யும் மழை மலையோடு நின்றுவிடுவது இல்லை. ஒரு பங்கு ஓடையாகிக் கீழே இறங்குகிறது. அடிவாரத்தில், வள்ளிமதுரை வரட்டாறு அணையில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து வயலுக்குப் பாய்கிறது. இன்னொரு பங்கு பாறை வெடிப்புகளில் நுழைந்து, நிலத்துக்குள் இறங்கி, கிணறுகளில் ஊறுகிறது.

மேலே ஒருவர் எதைக் கொட்டினாலும், கீழே இன்னொருவர் அதைக் குடிக்க நேரும். மலை சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம் இது.

இந்தப் பாடம் மலைக்கு மட்டும்தானா? இல்லை. சமவெளிக்கும் உண்டு. அங்கே சரிவு கண்ணுக்குத் தெரிவது இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஊர்க்கோடியில் மலைபோல் குவியும் குப்பையும், அதற்குக் கீழே இருக்கும் தண்ணீரும் நம் கண்ணுக்குத் தெரியாமல் உறவாடுகின்றன. அந்த உறவு எப்போது விபரீதம் ஆகும்? அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அந்தக் கதைதான் இது.

பல் சொன்ன சேதி

"தண்ணி கண்ணாடியாட்டம் இருக்குதே! இதைப் போய் எதுக்குச் சாமி சோதிக்கிறது?" என்று கிணற்றடியில் ஒரு பாட்டி கேட்கக்கூடும்.

நியாயமான கேள்வி. ஆனால், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தர்மபுரி மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் வேறு இல்லை.

இந்த மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு என்ற உப்பு அளவுக்கு மேல் இருந்தது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. நாக்குக்கும் தெரியாது. மக்கள் அதைத்தான் குடித்தார்கள், சமைத்தார்கள், குழந்தைகளுக்கும் கொடுத்தார்கள். வருடங்கள் ஓடின. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்தது. எத்தனை தேய்த்தாலும் போகவில்லை. இந்த நீரை நெடுங்காலம் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும்.

குடிநீரில் புளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம். வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக் கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2012-ம் ஆண்டு வகுத்த அளவு. ஒரு மில்லிகிராம் என்பது ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு! இத்தனை சிறிய அளவைக் கண்ணால் பார்க்க முடியுமா?

இந்தத் தொல்லையைத் தீர்க்கக் காவிரி நீரைக் குழாய் வழியே கொண்டுவர வேண்டி இருந்தது. ஜப்பான் நாட்டின் கடன் உதவியோடு, சுமார் 1,900 கோடி ரூபாய் செலவில், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறியது. 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2013-ல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது.

புளோரைடு பாறையில் இருந்து வருவது. இயற்கை செய்த காரியம். அதற்கே இத்தனை பாடு! குப்பையில் இருந்து வரும் விஷமோ, மனிதன் தன் கையால் தானே ஊற்றுவது.

கறுப்புச் சாறு

குப்பை மேட்டில் மழை பெய்தால் என்ன ஆகும்?

அடுக்களையில் காப்பி வடிகட்டும் பாத்திரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். மேலே தூள். அதன்மேல் வெந்நீர். கீழே சொட்டுச் சொட்டாக டிக்காஷன் இறங்குகிறது அல்லவா? குப்பை மேட்டிலும் அதுவேதான் நடக்கிறது.

அழுகிய காய்கறி, மிச்சச் சோறு, இறைச்சிக் கழிவு, பழைய பாட்டரி, பெயிண்டு டப்பா, மருந்துக் குப்பி, உடைந்த குழல் விளக்கு – எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. மழைநீர் இவற்றின் ஊடே இறங்குகிறது. உப்பையும் அம்மோனியாவையும் கரைத்துக் கொள்கிறது. ஈயம் போன்ற உலோகங்களையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொள்கிறது. அடியில் வந்து சேரும்போது அது மழைநீர் அல்ல. கறுத்து, நாற்றம் எடுத்த குப்பைச் சாறு!

அந்தச் சாறு இரண்டு வழியாகத் தப்பிக்கிறது. ஒன்று, மேல்வழி: ஓடைக்கும் குளத்துக்கும் ஓடுகிறது. மற்றொன்று, கீழ்வழி: மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரோடு கலக்கிறது.

மேல்வழி போனால் நிறமும் நாற்றமும் காட்டிக் கொடுத்துவிடும். நுரை மிதக்கும், மீன் சாகும். கீழ்வழிதான் பொல்லாதது. மண் வடிகட்டியாக வேலை செய்கிறது. கறுப்பு நிறம் நீங்கிவிடும். நாற்றமும் குறைந்துவிடும். ஆனால், கரைந்த உப்பு நீரோடு தொடர்ந்து பயணம் செய்யும். கிணற்றுக்கு வரும்போது தண்ணீர் பளிங்குபோல் இருக்கும்!

வெளுத்தது எல்லாம் பால் அல்ல. தெளிந்தது எல்லாம் நல்ல தண்ணீரும் அல்ல.

பெருங்குடியில் நடந்தது

தமிழ்நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. சென்னைக்குத் தெற்கே இருக்கிறது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடந்தது. மழைக்காலத்தில் சுற்றுவட்டார ஏரிகளின் உபரி நீரை எல்லாம் வாங்கி வைத்துக் கொள்ளும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாக நிதானமாகக் கடல் பக்கம் அனுப்பும். தென்சென்னைக்கு அது ஓர் இயற்கைத் தொட்டி.

அந்தத் தொட்டியின் ஓரத்தில், பெருங்குடியில், நகரத்தின் குப்பையைப் பல பத்தாண்டுகளாகக் கொட்டினார்கள். சுமார் 225 ஏக்கர் பரப்பில் குப்பை குவிந்தது. அடியில் விரிப்பு கிடையாது. சாற்றைப் பிடிக்கக் குழாயும் கிடையாது. சதுப்பு நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். நீருக்கும் குப்பைக்கும் நடுவே இடைவெளியே இல்லை!

பல ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் அங்கே சென்று, சுற்றிலும் உள்ள கிணறுகளில் நீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். கரைந்த உப்புகளும் நீரின் கடினத்தன்மையும் பல இடங்களில் அளவுக்கு மேல் இருப்பதைக் கண்டார்கள். வடசென்னையில் கொடுங்கையூர்க் குப்பை மேட்டைச் சுற்றியும் இதே கதைதான்.

2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு தீப்பற்றியது. புகை சுற்றுவட்டாரத்தைச் சூழ்ந்தது. அதே ஆண்டில்தான், உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் பள்ளிக்கரணை இடம் பெற்றது. பழைய குப்பையைத் தோண்டி எடுத்து, மண் வேறு, பிளாஸ்டிக் வேறு, கல் வேறு என்று பிரிக்கும் வேலையும் அங்கே தொடங்கியது. 'பயோமைனிங்' என்று இதற்குப் பெயர்.

குப்பையைத் தோண்டி எடுக்கலாம். பணம் இருந்தால் முடியும். நிலத்தடி நீரில் இறங்கிவிட்டதைத் தோண்டி எடுக்க முடியுமா? அதுதான் கேள்வி!

புகழ் பெற்ற குழி

இப்படி ஏமாந்தது நாம் மட்டும் அல்ல. அமெரிக்காவும் ஏமாந்தது.

கலிபோர்னியா மாகாணத்தில் பிரெஸ்னோ என்ற நகரம் இருக்கிறது. அங்கே 1937-ல் ஒரு புதிய முறையைக் கொண்டு வந்தார்கள். பள்ளம் தோண்டி, குப்பையைப் போட்டு, அழுத்தி, அன்றன்றைக்கு மண்ணைப் போட்டு மூடினார்கள். ஈ இல்லை, எலி இல்லை, நாற்றம் இல்லை. மற்ற நகரங்கள் இதைப் பார்த்துப் பின்பற்றின. அமெரிக்காவில் இன்றைய முறைக் குப்பைக் கிடங்குகளுக்கு அதுவே முன்னோடி.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1987-ல் அதை மூடினார்கள். நிலத்தடி நீரைப் பரிசோதித்ததில் ரசாயனங்கள் கலந்திருப்பது தெரிந்தது. மேலே மண் போட்டு மூடியவர்கள், கீழே தடுப்புப் போட மறந்துவிட்டார்கள்! 1989-ல், நாட்டின் மிக மோசமாகக் கெட்டுப்போன இடங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. 2001-ல் அதே இடம் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது. பெருமையும் சிறுமையும் ஒரே குழிக்கு!

மேலே பார்க்கச் சுத்தமாக இருப்பது போதாது. கீழே இருக்கும் நீரைப் பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். பிரெஸ்னோ சொல்லும் பாடம் இதுதான்.

நாடி பார்ப்பது எப்படி?

வைத்தியர் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். நிலத்தின் நாடியை எங்கே பார்ப்பது? கிணற்றில்!

முதல் வேலை, நிலத்துக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்டுபிடிப்பது. இதற்குக் குப்பைக் கிடங்கைச் சுற்றிச் சில கிணறுகள் தோண்டுவார்கள். ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளப்பார்கள். உயரமான மட்டத்தில் இருந்து தாழ்ந்த மட்டத்துக்குத்தான் நீர் போகும்.

இப்போது ஒரு கிணறு மேல்புறம். குப்பையைத் தொடாத நீர் அங்கே இருக்கும். மற்றவை கீழ்ப்புறம், குப்பைக்கு அடியில் கடந்து வந்த நீர் அங்கே வரும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். மேல்புறக் கிணறு இல்லாவிட்டால், "இது குப்பையால் வந்த உப்பு அல்ல, இந்த மண்ணின் குணமே அப்படித்தான்" என்று யாரும் சொல்லித் தப்பித்துக் கொள்ளலாம் அல்லவா?

தர்மபுரி போன்ற கருங்கல் பூமியில் இது இன்னும் கடினம். அங்கே நீர் மணலில் பரவுவதுபோல் ஒரே சீராகப் பரவாது. பாறை வெடிப்புகளில் சந்து பொந்தாகப் போகும். அதனால் பக்கத்துக் கிணறு நன்றாக இருக்க, தூரத்துக் கிணறு கெட்டுப் போகலாம். "என் கிணறு தூரத்தில் இருக்கிறது" என்று நிம்மதியாக இருக்க முடியாது.

நீர் எடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. ஆழ்குழாய்க் கிணற்றில் முதலில் வரும் தண்ணீர், பல நாள் குழாயில் தேங்கிக் கிடந்தது. அதைப் பிடிக்கக் கூடாது. நன்றாக இறைத்துக் கொட்டிவிட்டு, நிலத்தில் இருந்து புதிதாக ஊறி வரும் நீரைத்தான் பிடிக்க வேண்டும். கிருமிப் பரிசோதனைக்குத் தனியாகச் சுத்திகரித்த குப்பி வேண்டும். குப்பியின்மேல் இடம், தேதி, நேரம் எல்லாம் எழுதி, ஐஸ் பெட்டியில் வைத்து, சீக்கிரமாகப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஓடை என்றால், குப்பை மேட்டுக்கு மேலே ஓர் இடத்திலும், கீழே ஓர் இடத்திலும் நீர் எடுப்பார்கள். கரையோரம் தேங்கிய நீரை எடுக்காமல், நடுவில் ஓடும் நீரை எடுப்பார்கள்.

உப்பு ஒரு தூதன்

பரிசோதனைக் கூடத்தில் என்ன பார்க்கிறார்கள்?

முக்கியமான ஒன்று குளோரைடு. சாப்பாட்டு உப்பில் இருப்பதும் இதுதான். குப்பைச் சாற்றில் இது நிறைய உண்டு. மற்றப் பொருள்கள் மண்ணில் ஒட்டிக் கொண்டு பின்தங்கும். குளோரைடு ஒட்டாது. நீர் போகும் வேகத்திலேயே போகும். ஆகவே, படை வருவதற்கு முன்னால் வரும் தூதனைப்போல அது முதலில் கிணற்றுக்கு வந்து சேரும்.

தூதனைக் கண்டதும் உஷார் ஆவது எப்படி? இதோ, விளங்கிக் கொள்வதற்காக ஒரு கணக்கு.

இரண்டு கிணறுகள். முதல் கிணற்றில் ஒரு லிட்டருக்குக் குளோரைடு 180 மில்லிகிராம். மறு ஆண்டும் 180. அதற்கு அடுத்த ஆண்டும் 180. இரண்டாவது கிணற்றில் முதல் ஆண்டு 60. மறு ஆண்டு 95. அதற்கு அடுத்த ஆண்டு 140. குடிநீருக்கு ஏற்ற அளவு 250 வரை. எந்தக் கிணற்றைக் கண்டு பயப்பட வேண்டும்?

முதல் கிணற்றில்தானே எண் பெரியது என்று தோன்றும். ஆனால், நிபுணர்கள் இரண்டாவது கிணற்றைத்தான் கவனிப்பார்கள். முதல் கிணறு அசையாமல் நிற்கிறது. அது மண்ணின் குணம். இரண்டாவது ஏறிக்கொண்டே இருக்கிறது. ஏதோ வந்து கொண்டிருக்கிறது!

ஒரே ஒரு நாள் பரிசோதித்துவிட்டுச் சான்றிதழை மாட்டி வைப்பதில் பயன் இல்லை. குழந்தையின் எடையை மாதாமாதம் குறித்து வைக்கிறோம் அல்லவா? ஒரு நாள் எடை ஒன்றும் சொல்லாது; பல மாத எடைதான் பிள்ளை தேறுகிறதா, இளைக்கிறதா என்று சொல்லும். தண்ணீருக்கும் அப்படியே.

அடுத்தது நைட்ரேட். ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். ஈயத்துக்கு அளவு இன்னும் குறைவு: ஒரு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்குதான்! குழந்தைகளின் மூளையைத் தாக்கும் விஷம் அது.

விதி என்ன சொல்லிற்று?

மத்திய அரசாங்கம் 2000-ம் ஆண்டிலும், பிறகு 2016-ம் ஆண்டிலும் குப்பை பற்றி விதிகள் செய்தது. 2016-ம் ஆண்டு விதிகளில் தண்ணீரைப் பற்றி விவரமாகச் சொல்லி இருந்தது.

கிடங்கின் அடியில் 1.5 மில்லிமீட்டர் கனமான பிளாஸ்டிக் விரிப்பும், அதன் கீழே 90 சென்டிமீட்டர் களிமண் படுகையும் வேண்டும். அதற்கும் கீழே, குறைந்தது 2 மீட்டர் இறங்கித்தான் நிலத்தடி நீர் இருக்க வேண்டும். ஆற்றில் இருந்து 100 மீட்டரும், குளத்தில் இருந்து 200 மீட்டரும் விலகி இருக்க வேண்டும்.

கிடங்கு தொடங்கும் முன்பே நிலத்தடி நீரைப் பரிசோதித்துப் பதிவு செய்ய வேண்டும். பிறகு எல்லையில் இருந்து 50 மீட்டருக்குள் உள்ள நீரைக் கோடையில், மழைக்காலத்தில், மழைக்குப் பின் என்று பருவந்தோறும் பரிசோதிக்க வேண்டும். கிடங்கை மூடிய பிறகும் 15 ஆண்டுகளுக்குக் கண்காணிக்க வேண்டும். குப்பை தூங்குவது இல்லை என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது!

மலைக்கு என்று தனி விதியும் இருந்தது. மலைமேல் குப்பைக் கிடங்கு கட்டுவதைத் தவிர்க்க வேண்டும். மிஞ்சும் குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும். அடிவாரச் சமவெளியில் 25 கிலோமீட்டருக்குள் தகுந்த இடம் பார்க்க வேண்டும் என்றது. சித்தேரி போன்ற மலைகளுக்கு இதைவிட நல்ல காவல் உண்டா? மேலே கொட்டியது கீழே வரும் என்பதுதானே மலைப் பாடம்!

ஆனால், மலையைப் பார்க்க வருகிறவர்கள் வீசி எறியும் பிளாஸ்டிக் பைக்கும், பாட்டிலுக்கும் எந்த அதிகாரி காவல் இருப்பார்? அதற்கு நாம்தான் காவல்.

நம்மால் ஆவது

ஊர் மக்கள் என்ன செய்யலாம்?

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இடம் பெற்றது. ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி கொடுப்பது. மருந்துச் சொட்டு விட்டால் நீர் நிறம் மாறும். அந்த நிறத்தை அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டால் குளோரைடு, நைட்ரேட், புளோரைடு எவ்வளவு என்று தெரியும். பெரிய படிப்பு வேண்டியது இல்லை. பொறுமை வேண்டும்; நோட்டுப் புத்தகம் வேண்டும்.

ஈயம் போன்ற உலோகங்களை இந்தப் பெட்டி காட்டாது. அதற்குப் பெரிய பரிசோதனைக் கூடம் வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் அங்கே கேட்கலாம்.

ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். "கொதிக்க வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று பல தாய்மார்கள் நம்புகிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அது நல்லதுதான். ஆனால், நைட்ரேட்டும் புளோரைடும் ஈயமும் சாவதற்கு உயிர் உள்ளவை அல்ல. நீர் ஆவியாகிக் குறையக் குறைய அவை மிச்ச நீரில் செறிந்துவிடும்! அப்படிப்பட்ட கிணறு என்றால், குடிக்கவும் சமைக்கவும் வேறு நீர் தேடுவதே வழி.

பரிசோதனையில் எண் ஏறினால் முதலில் மறுபடியும் நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். இரண்டாம் முறையும் ஏறினால், மாற்று நீருக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி ஊராட்சியைக் கேட்க வேண்டும். ஊற்றை அடைக்க வேண்டிய இடம் கிணறு அல்ல, குப்பை மேடு.

எல்லாவற்றுக்கும் முந்திய வேலை ஒன்று உண்டு. அது நம் அடுக்களையில் தொடங்குகிறது. மக்கும் குப்பை வேறு, மக்காத குப்பை வேறு என்று பிரித்துக் கொடுப்பது. மக்குவது உரமாகிவிட்டால், சாறு பிழியக் குப்பை குறையும். பழைய பாட்டரியும் குழல் விளக்கும் தனியே போய்விட்டால், சாற்றில் விஷம் குறையும்.

வைத்தியர் நாடி பார்ப்பது நோய் முற்றிய பிறகு அழுவதற்காக அல்ல. முற்றும் முன்பே பிடிப்பதற்காக. தண்ணீருக்கு நாடி பார்ப்பதும் அதற்காகத்தான். கெட்டுப்போன நிலத்தடி நீர் திரும்பத் தெளிவதற்குள் ஒரு தலைமுறையே போய்விடலாம். கெடாமல் காப்பதற்கோ, சில கிணறுகளும் சில குப்பிகளும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

அடுத்த முறை கிணற்றை எட்டிப் பார்க்கும்போது நினைத்துக் கொள்ளுங்கள். அதில் நம் முகம் தெரியும். விஷம் தெரியாது!